இரண்டு அரைவட்டம்

மெஷினைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று போனில் சொன்னபோதே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போய்விட்டது.

முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "காலைல யாரும் ஆன் பண்ணிராதீங்க சார். நான் வந்து நானே ஆன் பண்ணிப் பாத்துக்கிடுதேன்" என்றது குரல். பழைய மெஷின் விற்கிறவர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. வாங்க வருகிற ஆள் வாசலுக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மெஷினை ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார்கள். குளிர்ந்து கிடக்கும்போது அது போடுகிற முனகலும் இழுவையும் சூட்டில் அடங்கிப்போகும். வந்தவனுக்கு நல்ல மெஷினாகத் தெரியும். இந்தத் திருட்டுத்தனம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பதினோரு வருஷமாக அந்த மெஷினைத் தினமும் ஆன் பண்ணுகிறவன் நான். நேற்று வரை யாரென்றே தெரியாத ஒருத்தி, நான் தொடக்கூடாது என்று சொல்லுகிறாள். எப்படி இருக்கும்?

எங்கள் பட்டறை துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருந்தது. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் தகரக் கூரை நடுங்கும். மெஷின் என்று நான் சொல்வது விஎம்சி. இரும்புக் கட்டியை ஒரு மேஜையில் இறுக்கிப் பிடித்து வைத்தால், மேலே இருந்து சுற்றிக்கொண்டே இறங்குகிற கட்டர் நாம் எழுதிக் கொடுத்த புரோகிராம்படி அதைச் செதுக்கும். மேஜை இடமும் வலமும் முன்னும் பின்னும் நகரும். உப்பளத்து மோட்டார் பம்புக்கு ஹவுசிங் என்கிற கூடு, விசைப்படகுக்குக் கப்ளிங், துறைமுகத்துக் கிரேனுக்கு ஏதாவது உடைந்துபோன துண்டு, எல்லாம் அதில்தான் எடுப்போம். வாங்கும்போதே அது பழைய மெஷின்தான். ஆனாலும் எங்கள் ரோட்டில் வேறு எவனிடமும் அப்போது விஎம்சி கிடையாது. டீக்கடையில் என்னைக் காட்டி "இவன்தாம்லே அந்த மெஷின் ஓட்டுறவன்" என்பார்கள். அதைக் கேட்டபடி டீ குடித்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

இப்போது முதலாளிக்கு வயதாகிவிட்டது. பட்டறை நடத்துவதைவிடக் இடத்தைக் குடோனுக்கு வாடகைக்கு விடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். லேத்து இரண்டும் போய்விட்டன. விஎம்சி மட்டும் பாக்கி. அதைப் பார்க்க ஏற்கெனவே இரண்டு பேர் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் வந்தவரிடம் அதிலுள்ள குறையை நானே, நூலளவு ஆட்டத்தையும் முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் வைத்துக் காட்டிக் கொடுத்தேன். நேர்மையான ஆள் என்று முதுகில் தட்டிவிட்டு அவர் போய்விட்டார். இரண்டாவது ஆள் கம்ப்யூட்டர் பெட்டி பழசு என்று பயந்து போனார். அதற்கும் நான் கொஞ்சம் பயமுறுத்தித்தான் இருந்தேன். முதலாளிக்கு அலுத்துவிட்டது. "ஏலே, இந்தப் பார்ட்டியும் வேண்டாம்னுட்டாவன்னா விட்டுருவோம். இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுத மட்டும் ஓட்டு. எனக்கும் வீட்ல சும்மா ஒக்காந்து மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார். எனக்கு அது போதும். இவளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மெஷின் என்னோடு இருக்கும். எடுத்துக்கொண்டால் நான் வெறும் ஆள்.

காலையில் கிளம்பும்போது என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னைக்குத்தான ஒங்க மெஷினப் பொண்ணு பாக்க வாராவ? அந்த நீலச் சட்டையப் போட்டுட்டுப் போங்க, பொண்ணு வீட்டு ஆளு பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?" என்றாள். எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றுவது அவளுக்குக் கைவந்த கலை. "வாய மூடிட்டு சோத்தக் கட்டு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். கூட யாரும் வரவில்லை. ஊர் மணப்பாடு. வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியர். கோயம்புத்தூரில் எட்டு வருஷம் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தாளாம். இப்போது ஊர்ப்பக்கமே சொந்தமாகப் பட்டறை போடப் போகிறாளாம். எல்லாவற்றையும் முதலாளி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "வாங்க மேடம், ஒக்காருங்க மேடம்" என்று ஒரே உபசாரம். எனக்குப் பதினோரு வருஷமாக ஏலேதான். டீயோடு ஒரு தட்டில் மக்ரூன் வேறு வந்தது. எங்களுக்கு மக்ரூன் வந்தது கடைசியாக எந்தத் தீபாவளிக்கு என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அவள் டீயைக் குடித்துவிட்டு நேரே மெஷினிடம் போனாள். கதவைத் தள்ளி, கட்டர் மாட்டுகிற ஸ்பிண்டிலின் மூக்கில் உள்ளங்கையை வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "சொன்னமாரி ஓட்டாம வச்சிருக்கீங்க. ரொம்ப தேங்க்ஸ் அண்ணாச்சி." நான் தலையை மட்டும் ஆட்டினேன். சூடாக்கி வைக்க எனக்கென்ன தலையெழுத்தா? அது எவ்வளவு முனகுகிறதோ அவ்வளவும் அவள் காதில் விழட்டும் என்றுதானே நான் இருந்தேன்.

ஆனால் அந்த மெஷின் முனகவில்லை. தினமும் காலையில் முதல் தடவை ஆன் பண்ணும்போது எண்ணெய் அழுத்தம் இல்லை என்று சிவப்பு லைட் எரியும். இரண்டு தடவை ரீசெட் அழுத்தி, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால்தான் வழிக்கு வரும். அதையும் கணக்கில் வைத்துத்தான் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் ஒரே தடவை அழுத்தினாள். பச்சை லைட் எரிந்தது. சவம், பதினோரு வருஷமாகச் சோறு போட்டவனுக்குக் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், வந்து நின்ற ஐந்து நிமிஷத்தில் அவளிடம் பல்லைக் காட்டுகிறது. அந்த நேரம் அதை ஒரு மிதி மிதித்திருப்பேன்.

பிறகு அவள் பையைத் திறந்தாள். மரப்பெட்டிக்குள் டயல் கேஜ். காந்த ஸ்டாண்டு. எண்ணெய்த் துணியில் சுற்றிய மாண்ட்ரல். மாண்ட்ரல் என்பது கண்ணாடிபோல் உருட்டித் தேய்த்த இரும்புத் தண்டு. அதை ஸ்பிண்டிலில் மாட்டி, டயல் முள்ளை ஒட்ட வைத்து மெதுவாகச் சுற்றினால், ஸ்பிண்டில் கோணாமல் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் பட்டறைக்கு ஒன்று வாங்கித் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்துப்போனது. இவள் சொந்தமாக வைத்திருக்கிறாள். அதைத் துணியிலிருந்து எடுத்த விதத்தைப் பார்த்தேன். விரல்படாமல் எடுத்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்ய மாட்டாளா என்று இருந்தது.

முள் அசைந்ததே தெரியவில்லை. ஸ்பிண்டில் சுத்தம். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக என்று சுற்றவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை ஸ்பிண்டில் மேல் ஊன்றிக் கேட்டாள். பிறகு தரையில் மண்டியிட்டு, மேஜைக்கு அடியில் டார்ச் அடித்து, தகட்டு மூடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இங்கன கடல் காத்துக்குத் துரு ஏறிக் கெடக்கும்னு நெனச்சுத்தான் வந்தேன். ஒரு பொட்டு இல்லையே" என்றாள்.

"எல்லாம் நம்ம பய வேலைதான் மேடம். சனிக்கிழமையானா எண்ணெயும் துணியுமா அதுகிட்டயே கெடப்பான்" என்றார் முதலாளி.

"அண்ணாச்சி, பிள்ளையப் பாக்கமாரில்லா பாத்திருக்கீங்க!"

அவள் மனதாரத்தான் சொன்னாள். பிள்ளையை நல்லபடியாக வளர்த்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போக நிற்கிறவளிடம் நன்றியா சொல்ல முடியும்? நான் செய்த நல்ல காரியமெல்லாம் அவளுக்கு மெஷினை விற்றுக்கொண்டிருந்தது. துருப்பிடிக்க விட்டிருக்கலாம்.

"கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கையால் மேஜையை நகர்த்துகிற சின்னச் சக்கரத்தை எடுத்தாள். அதன் குமிழ் என் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். அவள் விரல் அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருந்தாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. அடுத்து அவள் செய்யப்போகிற சோதனையில் மெஷினின் குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய லாரியின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டுத்தான் சக்கரம் திரும்பும் இல்லையா, அதைப்போல எங்கள் மெஷினில் இடம் வலமாகப் போகிற ஓட்டத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. வலமிருந்து இடமாகப் போகிறவரை ஒழுங்காகப் போகும். திசை மாறித் திரும்பும்போது பாதித் தலைமுடி அளவுக்கு, அதாவது நாற்பது மைக்ரான், சும்மா நின்றுவிட்டுத்தான் நகரும். ஆறு வருஷமாக இருக்கிறது. மேஜையைத் தள்ளுகிற நீளத் திருகு, அதாவது பால் ஸ்க்ரூ, தேய்ந்துவிட்டது என்று நான் முதலாளியிடம் சொல்லியிருந்தேன். அது மாற்றுகிற காரியமில்லை என்றும் சொல்லியிருந்தேன்.

அவள் மேஜையில் டயலை ஒட்ட வைத்தாள். சக்கரத்தை முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் திருப்பினாள். முள் திரும்பி வராமல் பாதியில் நின்றது. புருவம் சுருங்கியது. இன்னொரு தடவை செய்தாள். மேஜையை இடது கோடிக்குக் கொண்டுபோய்ச் செய்தாள். நடுவில் வைத்துச் செய்தாள். வலது கோடியில் வைத்துச் செய்தாள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சார், இடம்வலமாப் போற எக்ஸ்ல நாப்பது மைக்ரான் விளையாட்டு இருக்கு. மூணு எடத்துலயும் இருக்கு."

"கொஞ்சம் உண்டும் மேடம். பழைய மெஷின் பாத்தீங்களா" என்று முதலாளி இழுத்தார்.

"கொஞ்சம் இல்ல சார்." அவள் டயலைக் கழற்றி மரப்பெட்டிக்குள் வைத்தாள். மாண்ட்ரலைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். என் வயிற்றுக்குள் பாயசம் ஊற்றியதுபோல இருந்தது. போகப்போகிறாள். ஸ்கூட்டரில் ஏறி, திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்து, மணப்பாட்டுக்கே போய்விடப்போகிறாள். மத்தியானம் வழக்கம்போல நான் என் மெஷினைத் துடைப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பெண்டாட்டிக்குக் கால் கிலோ அல்வா வாங்க வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அத்தோடு அவள் வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, முதலாளிக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்: "ரஃப் வேலைக்கு ஓடும் சார். ரஃப் வேலை எடுக்கவங்க யாராச்சும் வருவாங்க. துளை, ஹவுசிங்குன்னு வட்டமா எதுவும் இதுல எடுக்க முடியாது. இங்கன அப்படி வேலை எடுத்திருக்கவும் மாட்டீங்க."

எடுத்திருக்க மாட்டோமாம்.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டே நிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆறு வருஷமாக இந்த மெஷினில் நான் எடுத்த ஹவுசிங் எத்தனை உப்பளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இவளுக்குத் தெரியுமா? ஒன்று, ஒரே ஒன்று, வட்டமில்லை என்று திரும்பி வந்திருக்கிறதா?

"இங்கன என்ன வேலை எடுத்திருக்கோம்னு நீங்க கண்டீங்களாம்மா?" என்றேன்.

"ஏலே, நீ சும்மா இரு" என்றார் முதலாளி.

"இல்ல அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நாப்பது மைக்ரான் விளையாட்டுல வட்டம் சுத்துனா முட்டை மாரில்லா வரும்? அதச் சொன்னேன்."

"முட்டையா வருதா வட்டமா வருதான்னு பாத்துட்டுப் போங்க. ஒரு பத்து நிமிஷம்."

மூலையில் கிடந்த ஒரு இரும்புப் பலகையை எடுத்து மேஜை மேலிருந்த வைஸில் இறுக்கினேன். கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் உடம்பைக் குறுக்கே போட்டு, அவளுக்குத் தெரியாதபடி என் புரோகிராமை எடுத்தேன். இப்போது சொல்வதற்கென்ன, சொல்கிறேன். எல்லாரும் வட்டத்தை ஒரே சுற்றாகச் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றினால் மேஜை போன திசையிலிருந்து ஒரு இடத்தில் திரும்பியாக வேண்டும், திரும்பும்போது விளையாட்டு காட்டிவிடும். நான் ஒரே சுற்றாகச் சுற்ற மாட்டேன். வட்டத்தை இரண்டு அரைவட்டமாகப் பிரிப்பேன். மேல் பாதியை வலது கோடியில் ஆரம்பித்து இடது கோடியில் முடிப்பேன். கட்டரை மேலே தூக்கி, வலது கோடிக்குத் திரும்பக் கொண்டுவந்து, கீழ்ப் பாதியையும் அதேபோல வலமிருந்து இடமாகவே எடுப்பேன். வெட்டுகிற நேரம் முழுக்க மேஜை ஒரே பக்கமாகத்தான் போகும், திரும்பாது. திரும்பினால்தானே விளையாட்டு? கடைசியில் காகிதம் கனத்துக்கு ஒரு வெட்டு, பிறகு அளவு மாற்றாமல் அதே வழியில் மூன்று தடவை வெறும் ஓட்டம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. யாரிடமும் சொன்னதில்லை.

கட்டர் இறங்கியது. சூட்டைத் தணிக்கிற கூலண்ட் வெள்ளையாகத் தெளித்தது. சத்தம் ஒரே சீராக இருந்தது. அன்றைக்கு எடுத்ததுபோல நான் என்றைக்கும் எடுத்ததில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் சீவலைத் தட்டிவிட்டு, காற்றடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்காக எடுக்கிறேன், எடுத்தால் என்ன ஆகும் என்கிற நினைப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் முகம் மாற வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

பலகையைக் கழற்றாமல் அப்படியே விட்டு, "பாருங்க" என்று தள்ளி நின்றேன்.

அவள் பையிலிருந்து துளை அளக்கிற கேஜை எடுத்து உள்ளே விட்டாள். ஒரு பக்கம் அளந்தாள். கால் சுற்றுத் திருப்பி அளந்தாள். மூலைவாட்டில் வைத்து அளந்தாள். கேஜை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அந்த இரண்டு நிமிஷத்துக்கு ஈடாக எதுவும் கிடையாது. கல்யாணத்தன்றுகூட அப்படி நின்றதில்லை.

"எட்டு மைக்ரான்" என்றாள் மெதுவாக. "எம்மா! எட்டு மைக்ரான்ல வட்டம்."

"முட்டை இல்லையே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நோட்டைத் திறந்து எழுதியிருந்ததைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். முதலாளி பக்கம் திரும்பினாள்.

"சார், நான் எடுத்துக்கிடுதேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எத?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

"மெஷினத்தான் அண்ணாச்சி. விளையாட்டு மட்டுமா இருந்தா சரி பண்ணிருவேன். ஆனா மேஜை ஓடுத பாதையும் தேஞ்சிருக்குமோன்னு எனக்குச் சந்தேகம் இருந்திச்சு. அது தேஞ்சிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது, குப்பைதான். பாதை தேஞ்ச மெஷின்ல எந்த வித்தைக்காரன் எடுத்தாலும் இந்த வட்டம் வராது. நீங்க எடுத்துக் காட்டிட்டீங்க. நான் கிளம்பிட்டேன் பாருங்க! நீங்க எடுத்துக் காட்டலைன்னா போயிருப்பேன்."

முதலாளி ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணெல்லாம் சிரிப்பு. "ஏலே, வித்துக் குடுத்துட்டியேல! வித்துக் குடுத்துட்டியே!"

கூலண்ட் வடிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒரு மக்ரூனை முதலாளி எடுத்து என் கையில் திணித்தார். அதை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

"எப்படி எடுத்தீங்க அண்ணாச்சி?" என்று போகும்போது கேட்டாள்.

"கைப்பழக்கம்மா" என்றேன். அதை மட்டுமாவது கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். மெஷினை ஏற்ற கிரேன் வந்த அன்றைக்கு, அந்தப் புரோகிராமையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். அவள் அதன் முன்னால் உட்கார்ந்து முட்டை முட்டையாக எடுத்து அழட்டும்.

பிறகு நான் பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் லேத்துக்குப் போனேன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் அவள்தான் என்று எடுப்பேன். கூப்பிடுவாள், கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும். "அண்ணாச்சி, வட்டம் வரமாட்டேங்கு, ஒங்க கைப்பழக்கத்தச் சொல்லித் தாங்க" என்று கேட்பாள். முதல் தடவை நேரமில்லை என்று சொல்லிவிடலாம், இரண்டாவது தடவை யோசிக்கலாம், மூன்றாவது தடவை கேட்டால் போகலாம். இதையெல்லாம் லேத்துக்கு முன்னால் நின்றபடி சாப்பாடு மாதிரி மூன்று வேளையும் நினைப்பேன். என் மனைவி இரண்டு தடவை, "யாரு போனுக்கு இப்படித் தவங்கெடக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவள் சந்தேகப்பட்டதுபோல இருந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, ஒருநாள் இங்கன வந்துட்டுப் போக முடியுமா? ஒங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணும்." மூன்று தடவைக் கணக்கெல்லாம் பறந்துபோய்விட்டது. "நாளைக்கே வாரேன்" என்றேன்.

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஆறுமுகநேரி உப்பளங்கள் தாண்டுகிறவரை எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முதலில் டீ குடிக்க வேண்டும். பிறகு அவள் கெடுத்த துண்டுகளைக் காட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, "ச்சு" கொட்ட வேண்டும்.

பட்டறை சின்னது. புதுத் தகரம். மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நுழையும்போதே கண்டுவிட்டேன். ஒரு பம்பு ஹவுசிங்கில் கட்டர் ஒரே சுற்றாக முழு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நேற்றுப் படித்து வந்தவன்கூட எழுதுவானே, அந்தச் சாதாரண வட்டம். முடித்த துண்டுகள் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினேன். திரும்புகிற இடத்தில் ஒரு படி தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை.

"ஸ்க்ரூவ மாத்திட்டீங்களாம்மா?"

"இல்ல அண்ணாச்சி. ஸ்க்ரூ நல்லாத்தான் இருக்கு." மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். "நான் அன்னைக்கு மூணு எடத்துல வச்சுப் பாத்தேன்லா? மூணுலயும் ஒரே நாப்பது. ஸ்க்ரூ தேஞ்சிருந்தா நடுவுலதான கூட வரணும், அங்கனதான எப்பவும் ஓடும்? அதான் சந்தேகப்பட்டுக் கோடியில இருக்க மூடியத் தொறந்தேன். ஸ்க்ரூவப் பிடிச்சிருக்க நட்டு லூசாக் கெடந்துச்சு. முறுக்கிப் பூட்டுனேன். அரை நாள் வேலை. இப்பப் பாருங்க."

டயலை ஒட்ட வைத்து, சக்கரத்தை என் கையிலேயே கொடுத்தாள். முன்னால் திருப்பினேன், பின்னால் திருப்பினேன். முள் போய்விட்டு அதே கோட்டில் வந்து நின்றது. இன்னொரு தடவை திருப்பினேன். வந்து நின்றது. என்னிடம் இருந்த பதினோரு வருஷத்தில் அந்த மெஷின் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. வயிறு எரிந்தது என்று சொன்னால் அது சின்னச் சொல்.

"ஆறு வருஷமா யாருமே அந்த மூடியத் தொறந்து பாக்கலியா அண்ணாச்சி?" வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"முதலாளி செலவு பண்ண மாட்டாரும்மா" என்றேன்.

பொய். முதலாளி இரண்டு தடவை கேட்டார், கோயம்புத்தூரிலிருந்து சர்வீஸ் ஆளைக் கூப்பிடட்டுமா என்று. இரண்டு தடவையும் நான்தான் வேண்டாம் என்றேன். அப்போது அந்த மெஷினில் என்னோடு இன்னொருவனும் ஷிப்டு மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். என் வயசுதான், எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தவன். என்னைவிட வேகமாகப் புரோகிராம் எழுதுவான், முதலாளி அவனிடம்தான் முதலில் வரைபடத்தைக் கொடுப்பார். விளையாட்டு வந்த பிறகு அவன் எடுத்ததெல்லாம் முட்டையாக வந்தது. நான் எடுத்தது மட்டும் வட்டமாக வந்தது. எப்படிடே எடுக்கே என்று அவன் என்னிடம் கேட்டுக் கெஞ்சினான். கைப்பழக்கம் என்றேன். துண்டு துண்டாகத் திரும்பி வந்து, முதலாளியிடம் ஏச்சு வாங்கி வாங்கி, ஆறு மாதத்தில் அவன் வேலையை விட்டுவிட்டான். இப்போது துறைமுகத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறான்.

சர்வீஸ் ஆள் வந்து சரி செய்துவிட்டால் அவனுக்கும் வட்டம் வந்துவிடும். அது எனக்கு அப்போதே தெரியும்.

அவள் டீ வாங்கி வைத்தாள். ரெண்டாவது ஷிப்டுக்கு ஆள் வேண்டும், நீங்களே வந்தால் நல்லது என்றாள். தூரம்மா, முடியாது என்றேன். அவளுக்குக் கீழே நின்று அந்த மெஷினை ஓட்ட என்னால் ஆகாது.

"அப்போ ஒங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆப்பரேட்டர் யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க அண்ணாச்சி. விஎம்சி ஓட்டிப் பழகின ஆளா, புரோகிராம் எழுதத் தெரிஞ்சவங்களா இருந்தாப் போதும். வேலை ரொம்பக் கெடக்கு. அதக் கேக்கத்தான் ஒங்களக் கூப்பிட்டேன்."

அவன் நம்பர் என் போனில் இருந்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டுப் போனைத் தொட்டேன்.

"அப்படி யாரும் இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.